வெளியீட்டு மின்மாற்றியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வீட்டில் கட்டும் குழாய் ஆம்ப்புக்கு ஒரு விளக்கம்



"தமிழ் டீச்சருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பலர், ‘பொழுதுபோக்கு மனத்துக்கு மகிழ்ச்சி தரும், நேரத்தை நல்ல வழியில் கழிக்க உதவும்’ என்று இரண்டு பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். படித்து முடித்தால் அந்தப் பொழுதுபோக்கைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. விளக்கம் என்றால் காரணம் வேண்டும், அளவு வேண்டும், வரிசை வேண்டும். அதனால் இந்த முறை என் சொந்தப் பொழுதுபோக்கையே எடுத்துக்கொள்கிறேன். வார இறுதிகளில் நான் வெற்றிடக் குழாய் ஆம்ப் கட்டுகிறவள். அந்த வேலையில் பணத்தை அதிகம் விழுங்குவதும், தப்பாக வாங்கினால் திருத்த முடியாததும் ஒரே ஒரு பொருள்தான். அதுதான் வெளியீட்டு மின்மாற்றி. கடைத்தெரு வழக்கில் ‘அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்’.

நான் செய்த தப்பு

அப்பாவிடம் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வர இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்பதற்காகவே என் முதல் ஆம்ப்பைக் கட்டினேன். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு இ.எல்.84 குழாய் போதும் என்று முடிவு செய்தேன். பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் ‘10 வாட், 8 கிலோ ஓம்’ என்று ஒட்டியிருந்த ஒரு ஜோடி மின்மாற்றிகளை வாங்கினேன். "என் குழாய் 5 வாட்தானே தரும், இது 10 வாட் தாங்குமே, தாராளம்!" என்பது என் கணக்கு.

ஆம்ப் வேலை செய்தது. நாகஸ்வரமும் வந்தது. ஆனால் தவிலின் வலந்தலை மட்டும் ‘டக் டக்’ என்று கேட்க, தொப்பிப் பக்கத்து அடி அமுங்கிப்போனது. அப்பா பாதியில் நிமிர்ந்து, "தவில் எங்கம்மா போச்சு?" என்றார். குழாயை மாற்றினேன், மின்தேக்கியை மாற்றினேன், இரண்டு மாதம் போனதுதான் மிச்சம். தப்பு அந்த ‘10 வாட்’ என்ற எண்ணை மட்டும் நம்பிய என் தேர்வில் இருந்தது. விற்றவர் என்னை ஏமாற்றவில்லை. நான்தான் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இது எதற்கு?

குழாயின் குணமும் ஸ்பீக்கரின் குணமும் நேர்மாறானவை. குழாய் அதிக வோல்ட் கொடுக்கும், மின்னோட்டத்தைக் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். ஸ்பீக்கருக்கு வோல்ட் கொஞ்சம் போதும், மின்னோட்டம் நிறைய வேண்டும்.

எண்களில் பார்த்தால் தெளிவாகப் புரியும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 4 வாட் போய்ச்சேர வேண்டுமானால் சுமார் 5.7 வோல்ட்டும் 0.7 ஆம்பியரும் தேவை. அதே 4 வாட்டை இ.எல்.84 குழாய் 5,000 ஓம் சுமையில் கொடுக்கும்போது, அது 141 வோல்ட்டும் வெறும் 28 மில்லியாம்பியரும் ஆக இருக்கும். 141-ஐ 5.7-ஆக இறக்கி, 28 மில்லியாம்பியரை 0.7 ஆம்பியராக ஏற்றித் தருவதுதான் இந்த மின்மாற்றியின் வேலை.

இதில் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. குழாயோடு சேர்வது முதன்மைச் சுருள். ஸ்பீக்கரோடு சேர்வது துணைச் சுருள். இரண்டும் ஒரே இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே கம்பித் தொடர்பு கிடையாது, காந்தத் தொடர்பு மட்டுமே.

கேள்வி 1: எத்தனை ஓமுக்கு எத்தனை ஓம்?

‘5கே : 8’ என்று மின்மாற்றியில் எழுதியிருந்தால், துணைப் பக்கத்தில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டும்போது குழாய்க்கு அது 5,000 ஓம் போலத் தெரியும் என்று பொருள். இந்த ‘இம்பிடன்ஸ்’ என்பதைத் தமிழில் மின்னெதிர்ப்பு என்கிறோம்.

இங்கே ஒரு விதி: வோல்ட், சுற்றுகளின் விகிதப்படி மாறும். மின்னெதிர்ப்பு, அந்த விகிதத்தின் வர்க்கப்படி மாறும். முதன்மையில் உள்ள சுற்றுகள் துணையில் உள்ளதைப் போல் 25 மடங்கு என்றால், 25 × 25 = 625. அதை 8 ஓமால் பெருக்கினால் 5,000 ஓம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பிறக்கிறது. மின்மாற்றிக்கு என்று சொந்தமாக 5,000 ஓம் கிடையாது. ஸ்பீக்கரைத்தான் அது பெருக்கிக் காட்டுகிறது. அதே முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் குழாய்க்கு 2,500 ஓம்தான் தெரியும். 16 ஓம் ஸ்பீக்கர் என்றால் 10,000 ஓம். ஆகவே உங்களிடம் இருக்கும் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பார்த்துவிட்டு மின்மாற்றி வாங்கப் போங்கள். 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது.

எந்தக் குழாய்க்கு எத்தனை ஓம் என்பதை அந்தக் குழாயின் விவரத்தாள் சொல்லும். இ.எல்.84 ஒற்றையாக, 250 வோல்ட், 48 மில்லியாம்பியரில் ஓடும்போது 5,200 ஓம். 6வி6 ஒற்றைக்கு 5,000 ஓம். 2ஏ3-க்கு 2,500 ஓம். 300பி-க்கு வழக்கமாக 3,000 முதல் 3,500 ஓம் வரை. இ.எல்.84 இரண்டு சேர்ந்து தள்ளி இழுக்கும் ‘புஷ்-புல்’ முறையில் ஓடினால் 8,000 ஓம். கொஞ்சம் முன்பின் இருந்தால் குற்றமில்லை. 5,200-க்குப் பதில் 5,000 ஓமுக்கு உரியதை வாங்கினால் காதுக்கு வித்தியாசமே தெரியாது. பாதியாகவோ இரட்டிப்பாகவோ போனால்தான் திறனும் குறையும், ஒலியும் திரியும்.

கேள்வி 2: ஒற்றையா, புஷ்-புல்லா?

நான் விழுந்த குழி இதுதான். பாடல் ஒலிக்காமல் ஆம்ப் சும்மா இருக்கும்போதும் குழாயில் மின்னோட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒற்றைக் குழாய் ஆம்ப்பில் அந்த 48 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம் முழுவதும் முதன்மைச் சுருள் வழியாகவே ஒரே திசையில் போகிறது. அது உள்ளகத்தை எந்நேரமும் ஒரு பக்கமாகக் காந்தமாக்கி வைத்திருக்கும்.

புஷ்-புல்லில் அப்படி இல்லை. முதன்மைச் சுருளின் நடுமுனையில் மின்சாரம் நுழைந்து, இரண்டு குழாய்களுக்கும் எதிரெதிர்த் திசையில் பிரிந்து போகிறது. இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அடித்துவிடும். உள்ளகம் ஓய்வாக இருக்கும்.

இரும்புக்குக் காந்தத்தை ஏற்பதில் ஓர் எல்லை உண்டு. பாயசம் எவ்வளவு இனித்தாலும் ஓர் அளவுக்குமேல் தெவிட்டுகிறது அல்லவா? அதே சொல்லைத்தான் இயற்பியலிலும் பயன்படுத்துகிறார்கள். உள்ளகம் தெவிட்டிவிட்டது என்றால் இனி அதில் காந்தம் ஏறாது. தெவிட்டிய உள்ளகத்தால் தாழ்ந்த ஒலிகளைக் கடத்த முடியாது. இதைத் தவிர்ப்பதற்காகவே ஒற்றைக் குழாய் மின்மாற்றியின் உள்ளகத்தில் தாள் கனத்துக்கு ஒரு காற்றிடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளி நேர்மின்னோட்டத்தின் தாக்கத்தைக் குறைத்துவிடும்.

நான் வாங்கியதோ புஷ்-புல்லுக்கு உரியது. நடுமுனையை விட்டுவிட்டு இரண்டு ஓரங்களை மட்டும் இணைத்து, ஒற்றைக் குழாயோடு ஓட்டினேன். காற்றிடைவெளி இல்லாத உள்ளகத்தில் 48 மில்லியாம்பியர் ஒரே திசையில்! தவில் காணாமல் போனதற்கு வேறு காரணமே வேண்டாம்.

ஆகவே ஒற்றைக் குழாய்க்கு வாங்கும்போது, "இது எத்தனை மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம் தாங்கும்?" என்று கண்டிப்பாகக் கேளுங்கள். 48 ஓடப்போகிறது என்றால் 60-க்கு மேல் எழுதியிருப்பதை வாங்குவது நல்லது.

கேள்வி 3: அந்த வாட் எந்த அதிர்வெண்ணில்?

‘10 வாட்’ என்பது அரைகுறை விவரம். உள்ளகத்தில் ஏறும் காந்தம், வோல்ட்டை அதிர்வெண்ணால் வகுத்ததற்கு ஏற்ப இருக்கும். வோல்ட்டை மாற்றாமல் அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் காந்தம் இரட்டிப்பாகும். 40 ஹெர்ட்ஸில் 10 வாட் தாங்கும் மின்மாற்றி, 20 ஹெர்ட்ஸில் பாதி வோல்ட்டைத்தான் தாங்கும். வோல்ட் பாதி என்றால் திறன் கால். அதாவது 2.5 வாட்! 1,000 ஹெர்ட்ஸில் 10 வாட் என்று மட்டும் சொன்னால், தாழ்ந்த ஒலியைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை மின்மாற்றியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். கையில் வாங்கிப் பார்த்த மாணவன், "இவ்ளோ சின்ன ஆம்ப்புக்கு ஏன் டீச்சர் இவ்ளோ வெயிட்டு?" என்றான். சரியான கேள்வி. தாழ்ந்த ஒலிக்கு இரும்பு வேண்டும். ஒற்றைக் குழாய் என்றால் அந்த நேர்மின்னோட்டத்தையும் சுமக்க இன்னும் இரும்பு வேண்டும். ஒரே வாட் எழுதிய இரண்டில், எடை கூடியதே பெரும்பாலும் நல்ல தேர்வு.

கேள்வி 4: தூண்டல் எத்தனை ஹென்ரி?

முதன்மைச் சுருளின் தூண்டல், குழாய்க்கு இன்னொரு சுமைபோல ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதன் மின்மறுப்பை 2 × 3.14 × அதிர்வெண் × ஹென்ரி என்று கணக்கிடலாம். 10 ஹென்ரி தூண்டல் 1,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 63,000 ஓம். 5,000 ஓமுக்குப் பக்கத்தில் இது ஒரு தொந்தரவே இல்லை. ஆனால் 20 ஹெர்ட்ஸில் அதே 10 ஹென்ரி சுமார் 1,260 ஓம்தான். ஸ்பீக்கருக்குப் போக வேண்டியதை அந்தச் சுருளே விழுங்கிவிடும்.

கைக்கணக்கு ஒன்று: நீங்கள் கேட்க விரும்பும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், தூண்டலின் மின்மறுப்பு குழாயின் சுமைக்குக் குறையாமல் இருக்கட்டும். 5,000 ஓம் சுமைக்கு 40 ஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றால் சுமார் 20 ஹென்ரி. 300பி போன்ற ட்ரையோட் குழாய்களின் உள்மின்தடை சில நூறு ஓம்தான். அவற்றுக்குக் குறைந்த ஹென்ரியே போதும். இ.எல்.84 போன்ற பென்ட்டோட் குழாய்கள்தான் இந்த விஷயத்தில் கறாரானவை.

ஒற்றைக் குழாய் மின்மாற்றிக்கு ஹென்ரி சொல்லும்போது, நேர்மின்னோட்டம் ஓடும் நிலையில் அளந்ததா என்றும் கேளுங்கள். சும்மா இருக்கும்போது 20 ஹென்ரி காட்டுவது, 48 மில்லியாம்பியர் ஓடும்போது சரிந்துவிடலாம்.

கேள்வி 5: எப்படிச் சுற்றியிருக்கிறார்கள்?

தாழ்ந்த ஒலிக்கு இரும்பு என்றால், உயர்ந்த ஒலிக்குச் சுற்றும் கைத்திறன். முதன்மைச் சுருளின் காந்தம் முழுவதும் துணைச் சுருளுக்குப் போய்ச்சேராது. கொஞ்சம் கசியும். அந்தக் கசிவுத் தூண்டல் உயர்ந்த ஒலிகளை மட்டுப்படுத்தும். இதைக் குறைக்க, முதன்மையைப் பல பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே துணைச் சுருளை வைத்துச் சுற்றுகிறார்கள். நம் அடுக்குக் கேக் மாதிரி, கேக் லாப்பிஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. அடுக்குகளுக்கு இடையே மின்தேக்குத்திறன் கூடிவிடும்.

இதன் அருமையை உலகுக்குக் காட்டியவர் டி.டி.என். வில்லியம்சன். 1947-இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் அவர் வெளியிட்ட ஆம்ப்பில் இரண்டு கே.டி.66 குழாய்கள், 10,000 ஓம் மின்மாற்றி. அதன் சிறப்பே, வெளியீட்டு மின்மாற்றியையும் உள்ளடக்கி 20 டெசிபல் எதிர்ப்பின்னூட்டம் கொடுத்ததுதான். மின்மாற்றி சுமாராக இருந்தால் அந்தப் பின்னூட்டம் ஆம்ப்பை ஊளையிட வைத்துவிடும். ஆகவே மின்மாற்றியை எப்படிச் சுற்ற வேண்டும் என்பதையும் அவர் கட்டுரையிலேயே கொடுத்தார். 1951-இல் டேவிட் ஹாஃப்ளரும் ஹெர்பர்ட் கீரோஸும் ‘அல்ட்ரா-லீனியர்’ முறையைப் பரப்பினார்கள். அதில் முதன்மைச் சுருளிலிருந்து, சுற்றுகளில் 43 விழுக்காடு போன்ற ஓர் இடத்தில், இன்னொரு முனை வெளியே வரும். 1950-களின் முல்லார்ட் 5-20 ஆம்ப் இரண்டு இ.எல்.34 குழாய்களோடு 20 வாட் கொடுத்ததும் இந்த முறையில்தான். நீங்கள் கட்டப்போகும் சுற்றுப்படத்தில் இந்த முனை கேட்டிருந்தால், அது உள்ள மின்மாற்றியைத்தான் வாங்க வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை.

கேள்வி 6: கம்பியின் மின்தடை எவ்வளவு?

5,000 ஓம் மின்மாற்றியின் முதன்மைக் கம்பிக்கு 300 ஓம் மின்தடை, துணைக் கம்பிக்கு 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 5,000-இல் 300 என்பது 6 விழுக்காடு. 8-இல் 0.5 என்பதும் 6 விழுக்காடு. ஆகத் திறனில் ஏறக்குறைய 12 விழுக்காடு கம்பியிலேயே சூடாகிப் போய்விடும். மெல்லிய கம்பி சுற்றிய மலிவு மின்மாற்றிகளில் இந்த இழப்பு அதிகம்.

வாங்கும் இடத்திலும் வீட்டிலும்

கோலாலம்பூரில் ஜாலான் பாசார், சிங்கப்பூரில் சிம் லிம் டவர் என்று மின்னணுப் பொருள் தேடுவோருக்குத் தெரிந்த இடங்கள் உண்டு. எங்கே வாங்கினாலும் மேற்சொன்ன ஆறு கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

எழுத்து அழிந்துபோன பழைய மின்மாற்றி கிடைத்தால், மற்ற எதனோடும் இணைக்காமல், முதன்மையில் 12 வோல்ட் மாறுமின்னோட்டம் கொடுத்துத் துணைப் பக்கத்தை அளந்து பாருங்கள். 0.48 வோல்ட் காட்டினால் விகிதம் 25. மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்! துணைப் பக்கத்தில் 12 வோல்ட் கொடுத்தால் முதன்மையில் 300 வோல்ட் எழும்பி நிற்கும்.

பள்ளிச் சபைகூடல் ஸ்பீக்கர்களில் இருக்கும் 100 வோல்ட் லைன் மின்மாற்றியைச் சிலர் மலிவாகப் பயன்படுத்துவதுண்டு. அதற்குக் காற்றிடைவெளி இருக்காது. ஆகவே ஒற்றைக் குழாய்க்கு அது ஆகாது.

அமெரிக்காவிலிருந்து பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து வரவழைக்கிறீர்கள் என்றால் இன்னொரு கவனம் தேவை. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்ததை, வோல்ட்டைக் குறைத்து இங்கே மாட்டினாலும் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். காந்தம் 20 விழுக்காடு கூடி, அது சூடேறும். ‘50/60’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, கண்டிப்பான இரண்டு விஷயங்கள். ஸ்பீக்கரையோ அதற்கு ஈடான மின்தடையையோ மாட்டாமல் குழாய் ஆம்ப்பில் பாடல் ஓட்டாதீர்கள். சுமை இல்லாவிட்டால் முதன்மையில் வோல்ட் எகிறி மின்மாற்றியின் காப்பு வெடித்துவிடலாம். இரண்டாவது, உள்ளே 250 முதல் 300 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் அது தங்கியிருக்கும். உயிரைப் பறிக்க அது போதும். மாணவர்களே, படிப்பது உங்கள் வேலை, கணக்குப் போடுவதும் உங்கள் வேலை. மூடியைத் திறப்பது, அனுபவமுள்ள பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

இரண்டாம் முறை நான் வாங்கியது 5,000 ஓம், 80 மில்லியாம்பியர், காற்றிடைவெளி உள்ள ஜோடி. முதல் ஜோடியைப்போல் இரண்டு மடங்கு எடை. விலையும் அப்படித்தான். பகுதிநேர வகுப்புப் பணம் அதில் போனது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் அப்பா, "மறுபக்கத்தப் போடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வகுப்பறைப் பயன்பாட்டுக்கு

1. 3,200 ஓம் சுமை கேட்கும் குழாயை 8 ஓம் ஸ்பீக்கரோடு சேர்க்கச் சுற்று விகிதம் எவ்வளவு? (விடை: 3,200 ÷ 8 = 400. அதன் வர்க்கமூலம் 20.)

2. 100 வோல்ட் லைன் மின்மாற்றியில் 2 வாட் முனை எத்தனை ஓமுக்குச் சமம்? (விடை: 100 × 100 ÷ 2 = 5,000 ஓம்.)

3. மின்தடை, மின்மறுப்பு, மின்னெதிர்ப்பு ஆகிய மூன்று சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரையிலிருந்து எடுத்துக்காட்டுடன் விளக்குக.

4. உங்கள் பொழுதுபோக்கில் நீங்கள் செய்த ஒரு தவற்றையும் அதற்கான காரணத்தையும் குறைந்தது மூன்று அளவுகளோடு விளக்கி 250 சொற்களில் கட்டுரை எழுதுக. ‘மகிழ்ச்சி’, ‘பயனுள்ள’ ஆகிய இரு சொற்களையும் பயன்படுத்தக் கூடாது.

நான்காவது கேள்விக்கு என் வகுப்பில் மீன் வளர்ப்பு, பட்டம், கேக் என்று பலவிதக் கட்டுரைகள் வந்தன. உங்கள் மாணவர்களுக்கும் கொடுத்துப் பாருங்கள்.